பின் சீட்டில் கேட்ட சத்தம்

எங்கள் தெருவில் ஜீப்காரர் என்றால் அவர் ஒருவர்தான். மேலே அணை கட்டிய காலத்தில் ஆட்களை ஏற்றிப்போக வாங்கிய வண்டி அது. வேலை முடிந்து எல்லோரும் போனார்கள். வண்டியும் அவரும் மிஞ்சினார்கள். அந்த ஸ்டியரிங்கை இன்னொருவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

இப்போது வண்டிக்கு ஒரே சவாரி, அவர் மனைவி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் கீழே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கல்லும் குழியுமான அந்தச் சரிவில் வேறு வண்டி ஏறாது. பின்னால் நீள சீட்டில் தலையணை போட்டுப் படுத்துக்கொள்வாள்.

"ஏங்க, கீழ என்னமோ கடகடங்குது. முதுகுல யாரோ தட்டுற மாதிரி இருக்கு."

"பழைய வண்டின்னா பாட்டுப் பாடத்தான் செய்யும். கண்ண மூடிக்கோ."

அப்படிச் சொன்னாலும் சும்மா இருக்கவில்லை. டயர் மாற்றினார். சைலன்சரை இறுக்கிக் கட்டினார். மனைவியின் தம்பிதான் மெக்கானிக். அவன் ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்து, கைக்கு எட்டியதையெல்லாம் ஆட்டிப் பார்த்தான். பிறகு ஜீப்காரர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். வண்டி கம்மென்று போனது.

"மாமா, வண்டில ஒண்ணும் இல்ல. அக்காவுக்குத்தான் ஏதோ..."

அவன் பாதியில் விட்டதை ஜீப்காரர் வீட்டில் முடித்தார். "சாப்பிடுற மருந்தெல்லாம் சேந்து உன் காதுல சத்தம் போடுது."

அடுத்த முறை கிளம்பும்போது அவள் செருப்பைப் போடாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரலங்க."

"இன்னிக்கா?"

"இனிமே. அந்த மெஷின்கூடப் பரவாயில்ல, போற வழிதான் தாங்கல. சொன்னா நம்பவும் ஆளில்ல. விட்டுடுங்க."

ஜீப்காரர் மச்சானின் ஒர்க் ஷாப்பில் கவிழ்த்து வைத்திருந்த டின்மேல் போய் உட்கார்ந்தார். "உங்கக்கா சாகப் போறேன்னு சொல்லாம சொல்லிட்டா மச்சான்."

அவன் கையைத் துடைப்பதை நிறுத்தினான். "மாமா, அந்தச் சத்தத்த நீங்க ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அக்கா பின்னாடி படுக்குறாங்க. நாம ரெண்டு பேரும் முன்னாடி உக்காந்து தேடுனோம். சாவியக் கொடுங்க."

சாவி கையை விட்டு வர மறுத்தது.

"கிளட்ச்ச மெதுவா விடணும்..."

"நான் மெக்கானிக் மாமா."

"அதான் பயமா இருக்கு."

முதல்முறையாகத் தன் வண்டியின் பின் சீட்டில் படுத்தார். தலையணையில் அவள் தலையெண்ணெய் வாசம். மச்சான் சரிவில் இறங்கி, வளைவில் கியர் மாற்றியதும் முதுகுக்கு நேர்கீழே 'கடக்' என்றது. வேகம் ஏற ஏற அது நடுக்கமாகி, இடுப்பிலிருந்து பல்வரை ஏறியது. ஓட்டும்போது குழி வருவது அவருக்கு முன்பே தெரியும். உடம்பு தானாகத் தயாராகிவிடும். இங்கே படுத்தவளுக்கு என்ன தெரியும்? கண்ணுக்கு எதிரே இருந்தது டிரைவர் சீட்டின் முதுகு மட்டும். இத்தனை காலம் அவள் பார்த்து வந்தது அதைத்தான்.

"கேக்குதா மாமா?"

மச்சான் வேகத்தைக் குறைத்தான்.

"மாமா?"

திரும்பிப் பார்த்தவன் வண்டியை ஓரங்கட்டினான். தலையணையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தார் அந்த மனிதர்.

பின்சக்கரத்துக்குப் போகும் நீள ஷாஃப்ட்டின் முனையில், கிராஸ் என்கிற சின்ன இரும்புத் துண்டு துருவேறித் தேய்ந்திருந்தது. ஜாக்கியில் தூக்கியதும் பின்சக்கரம் தொங்கிவிடும். தேய்மானம் வெளியே தெரியாது. பின்னால் ஆள் பாரம் ஏறினால்தான் கடகடக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஷாஃப்ட் நடுவழியில் கழன்று விழுந்திருக்கும் என்றான் மச்சான்.

கிராஸை மாற்றிய கையோடு வீட்டுக்குப் போனார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நான் பின்னாடி படுத்துப் பாத்தேம்மா."

அவள் திரும்பினாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

சரிவில் வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. ஆலமரத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல்: "ஏங்க... கதவுப் பக்கம் லேசா கிணுகிணுங்குது."

ஜீப்காரர் பிரேக்கை மிதித்தார். இறங்கி, பின்கதவைத் திறந்தார்.

"கொஞ்சம் நகரு. எங்கன்னு காட்டு."