அக்கா குரலில் ஒரு சபாஷ்

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்கு வந்தால் மகளுடைய கணக்கு விளையாட்டுப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அதில் இருந்த குரலை அழித்துவிட்டு, சரியான விடைக்கு அக்காவே பாராட்டட்டும் என்று மைக்கை நீட்டினார். அவளும் வேண்டாவெறுப்பாக "சபாஷ்" என்றாள். புரோகிராமில் எங்கோ சரியையும் தப்பையும் மாற்றி எழுதிவிட்டார் மனுஷன்.

"அப்பா, தப்பாப் போட்டாதான் அம்மா சபாஷ் சொல்றாங்க!" என்று மகள் கத்தினாள்.

ஒரு மாதமாக அப்படியே கிடக்கிறது. "அதைச் சரி பண்ணித் தொலைக்கக் கூடாதா அத்தான்?" என்றேன்.

அவர் ரெண்டும் ரெண்டும் அஞ்சு என்று அழுத்தினார். "சபாஷ்" என்றது பெட்டி.

"வேற எங்க போய் மச்சான் நான் இந்தச் சபாஷைக் கேக்கறது?" என்றவர், அடுத்து ஆறு என்று அழுத்தினார்.