சந்தனப் பொட்டு வைத்த பலகை

எதிர் மேசையில் இருக்கும் என்னிடம் பேசவேண்டுமென்றாலும் எங்கள் தலைமையாசிரியை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிறகு எட்டிப் பார்த்து, "தமிழய்யா, பார்த்தீங்களா?" என்பார். பள்ளியைத் தொழில்நுட்பத்துக்கு மாற்றியே தீருவது என்று அவர் முடிவுகட்டிய நாளிலிருந்து இப்படித்தான். குடவாசல் பக்கம், சுற்றிலும் சம்பா வயல். வெளியே கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்கும். உள்ளே நாங்கள் பாஸ்வேர்டு மறந்து நிற்போம்.

ஸ்மார்ட் போர்டு வந்தது அவரால்தான். "எம்பிள்ளைங்களும் தொட்டுப் படிக்கட்டுங்க" என்று கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து வாங்கினார். அதிகாரி வந்து பார்க்கும்போது பாடம் நடக்கவில்லையென்றால் போர்டு டவுன் பள்ளிக்குப் போய்விடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அன்றுமுதல் அறுப்புக்கு முன்னால் வானத்தைப் பார்க்கிறவர் முகம் அவருக்கு.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பு பள்ளியில் பூஜை போட்டோம். மணி, பிரிண்டர், சாக்பீஸ் டப்பா, எல்லாவற்றுக்கும் பொட்டு. போர்டுக்கு மட்டும் தலைமையாசிரியை மேடமே வைத்தார். கண்ணாடியில் பட்டால் கறையாகுமென்று, சட்டத்தின் உள்விளிம்பில் சுற்றிலும் வரிசையாகப் பார்த்துப் பார்த்துக் கெட்டிச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

விடுமுறை முடிந்த முதல் நாளே அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மேடம் காவிரி டெல்டா வரைபடத்தைப் போட்டார். போர்டு தானாகவே எழுதத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. குடவாசலுக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே இதுவரை இல்லாத ஆறு ஒன்று புறப்பட்டது. அதிலிருந்து இன்னொன்று.

"டீச்சர், எங்க வயலு வழியா ஆறு போவுது!" என்று ஒரு பெண் எழுந்தே விட்டாள்.

"கடைமடைக்கு இப்பவாவது தண்ணி வந்துச்சே" என்று சுவரோரம் என்னோடு நின்ற கணக்கு வாத்தியார் என் காதில் முணுமுணுத்தார். போய்ப் போர்டை அணைத்து மறுபடி போட்டார். ஆறுகள் திரும்ப வந்தன, வெள்ளம்போல.

மேடம் புது ஆற்றைக் கைகாட்டினார். குரல் நடுங்கவில்லை. "பிள்ளைங்களா, ஆறு எப்படிக் கிளை பிரியுதுன்னு பாருங்க."

"எந்த ஆறும்மா இது?" என்றார் அதிகாரி.

"இனிமே வரப்போறதுங்க சார்."

அதிகாரி எழுந்து போர்டுக்கு அருகில் வந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவரோ குங்குமத்தைப் பார்த்ததும் அனிச்சையாகச் செருப்பைக் கழற்றினார். மூலையிலிருந்த பொட்டை விரலால் வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார். ஓர் ஆறு நின்றது.

விரல் எங்கே படுகிறது என்பதை அந்த உள்விளிம்பிலிருந்துதான் போர்டு பார்க்கிறதாம். சந்தனத்தையும் விரலென்று நம்பியிருக்கிறது, பாவம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. நின்ற ஆறும் போன பொட்டும் மட்டும் மேடத்தின் கண்ணில் அப்போதே பட்டுவிட்டன. கணக்கு வாத்தியாரும் பார்த்துவிட்டுத் துணியை எடுத்தார்.

"ஐயய்யோ! பூசையில வச்சதத் துடைப்பாங்களா? வச்சிடுங்க சார் துணிய." என்று தடுத்த மேடம் வகுப்பின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் வரிசையா வந்து பிரசாதம் எடுத்துக்கங்க. நல்லா வழிச்சு எடுக்கணும்."

பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு நெற்றியிலும் சந்தனம் ஏற ஏற, டெல்டாவில் ஆறுகள் ஒவ்வொன்றாக வற்றின. நானும் போய் வழித்தேன். ஓர் ஆற்றை நிறுத்திய கை இது.

"இதுவும் பாடத்துல வருதாம்மா?" என்றார் அதிகாரி, பளிச்சென்ற நெற்றியோடு.

"செயல்வழிக் கற்றல்ங்க சார்."

வயல்காரப் பெண்ணைக் கூப்பிட்டு வரையச் சொன்னார் அதிகாரி. அவள் விரல் போன இடத்தில் மட்டும் கோடு போனது. "போர்டு இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

எங்கள் அறைக்கு வந்ததும் மேடம் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டார். என் பையில் போன் அதிர்ந்தது: 'அடுத்த வருஷம் போர்டுக்குப் பொட்டு, பக்கத்துச் சுவரில்.'

"தமிழய்யா," என்று மேசைக்கு மேலாக எட்டினார். "பார்த்தீங்களா?"