லேத் பட்டறையில் போட்ட கேசட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். அப்போது என்னைப் பிடித்து ஆட்டிய பைத்தியம் பங்க் இசை. இங்கிலாந்தில் வேலை கிடைக்காத இளைஞர்கள், ராகமாவது தாளமாவது என்று கிடாரை அடித்துக்கொண்டு கத்திய பாட்டு. அதை ஆராய்ச்சி செய்கிற கிறுக்குகள் பெங்களூரிலும் மெட்ராஸிலும் கோவையிலும் இருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது, எந்தப் பல்கலைக்கழகமும் எங்களைச் சீண்டவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு சின்ன அமைப்பு வைத்திருந்தோம்; கட்டுரை எழுதித் தபாலில் சுற்றுக்கு விடுவோம், அவ்வளவுதான். ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தபோது, ஒரு மலர் அச்சடித்து வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு அனுப்பினால்தான் அமைப்பு பிழைக்கும் என்று முடிவானது. ஓசூர் ஃபாக்டரி ஊராயிற்றே, அச்சுச் செலவுக்கு விளம்பரம் பிடி என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சிப்காட் தொழிற்பேட்டை முழுக்க அலைந்தேன். பெரிய கம்பெனிகளில் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. சின்னப் பட்டறைகளில் மெஷின் இரைச்சலுக்கு மேலே தொண்டை கிழியக் கத்தி விளக்க வேண்டும். ஒருவர், கோயில் திருவிழா மலர் என்றால் தருகிறேன் என்றார். இன்னொருவர், தனக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனி மேனேஜரின் படத்தை முதல் பக்கத்தில் போட்டால் யோசிக்கலாம் என்றார். அதிகாரத்தை எதிர்த்துக் கத்தியவர்களைப் பற்றிய மலரில் மேனேஜர் படமா? செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியாக ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். முதலாளி கிருஷ்ணகிரிக்காரர், எல்லோருக்கும் பாய். பெரிய ஃபாக்டரிகளுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் கடைந்து கொடுப்பவர். அங்கே சத்தமே இல்லை. சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, இங்காவது நிதானமாகப் பேசலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேஜையிலிருந்த டேப்பில் ஒரு கேசட்டைக்கூடப் போட்டுக் காட்டினேன்.

முழுப் பாட்டையும் கேட்டார். "யாரு மேல இவனுக்கு இவ்ளோ கோவம்?"

"அங்க ஃபாக்டரிங்களை மூடிட்டாங்க பாய். வேலை இல்லாத பசங்க," என்றேன்.

கேசட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, "இந்த பொஸ்தகம் எது வரைக்கும் போவும் டீச்சர்?" என்றார்.

"லண்டன் வரைக்கும் போகும் பாய்," என்றேன் பெருமையாக.

முழுப் பக்கம் போடச் சொல்லி, பணத்தையும் அங்கேயே கொடுத்தார். 'நல்வாழ்த்துகளுடன்' என்று மட்டும் போட்டால் போதுமே என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. டர்னிங், மில்லிங், கிரைண்டிங் எதுவானாலும் சொன்ன தேதியில் முடித்துத் தரப்படும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைத்தார். பக்கத்துக் கடை போன் நம்பரையும் சேர்க்கச் சொன்னார். வாசல் வரை வந்து, "பாத்துட்டு யாராச்சும் கூப்புடுவாங்க இல்ல?" என்று கேட்டார். கட்டாயம் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மலர் வந்தது. ஃபாக்டரிகள் மூடிய ஊர்களில் அந்த இசை எப்படிப் பிறந்தது என்ற என் கட்டுரைதான் அதில் முதலாவது. பிரதியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினால், ஷட்டரில் பூட்டு. எதிர் டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "அவருக்கு ஆர்டர் நின்னு எத்தினியோ மாசம் ஆவுதும்மா. மிஷினே ஓடல. பேங்க்காரங்க வந்து எல்லாத்தையும் ஏத்திக்கினு போயிட்டாங்க. பாயும் குடும்பத்தோட எங்கியோ பெங்களூர் பக்கம் போயிட்டாரு."

நான் சாப்பாட்டு நேரம் என்று நினைத்தது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. ஓடாத மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, மூடின ஃபாக்டரிகளைப் பற்றி அவருக்கே பாடம் எடுத்திருக்கிறேன்.

லண்டனிலிருந்து கட்டுரையைப் பாராட்டிச் சில கடிதங்கள் வந்தன. லேத் வேலை கேட்டு ஒருவரும் எழுதவில்லை. அடுத்த மலருக்கு விளம்பரம் கேட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை, வேறு யாரும் முன்வரவும் இல்லை. அமைப்பு அதோடு கலைந்தது. பாயையும் எவ்வளவோ விசாரித்துப் பார்த்தேன், தகவல் கிடைக்கவே இல்லை.

இன்றைக்கும் சிப்காட் பக்கம் போகும்போது ஏதாவது ஒரு பட்டறையில் சத்தம் கேட்காவிட்டால் வாசலிலேயே நின்றுவிடுகிறேன். உள்ளே ஒருவர், பக்கத்துக் கடை போன் அடிக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றே தோன்றுகிறது.