பெரியம்மாள் போட்ட சீட்டுகள்

இருசம்மாள் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டாள். தாகம் இல்லாமல் இல்லை. கல்லூரியில் பெண்கள் கழிவறைக்குப் பூட்டு. எதற்குப் பூட்டு என்று கேட்டால், ஆய்வுக் குழு வருகிறது, அதுவரை சுத்தமாக இருக்கட்டும் என்று பதில் வரும். அந்தக் குழு இரண்டு வருடமாக வந்துகொண்டேதான் இருந்தது. விடிந்ததிலிருந்து மலைக்குத் திரும்பும்வரை ஒரு பெண் வாயை நனைக்காமல் இருந்தால்தான் ஒரு கட்டடம் சுத்தமாக இருக்கும் என்றால், அந்தச் சுத்தத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட வேண்டும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தைய வருடங்கள் அவை. டவுனுக்கு வெளியே இருந்த அந்த அரசுக் கல்லூரியில் விடுதி காகிதத்தில் மட்டும் இருந்தது. எல்லோரும் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர்கள். தியாகதுருகத்துக் கடைக்காரர் பிள்ளைகள், வடக்கனந்தல் கூலிக்காரர் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் என்று பல தினுசு. கல்வராயன் மலையிலிருந்து ஒன்பது பேர். வந்து போகிற பெண்களுக்கென்று ஓய்வறை ஒன்று கட்டி வாசலில் பலகையும் வைத்திருந்தார்கள். உள்ளே உடைந்த பெஞ்சுகளும் பழைய விடைத்தாள் கட்டுகளும் ஓய்வெடுத்தன. பெண்கள் நூலகத்துக்குப் பின்னால் சுவரோரம் குந்திச் சோறு தின்றார்கள்.

இருசம்மாள் பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருடம். காலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி மூன்று கிலோமீட்டர் நடந்து கரியாலூர் வருவாள். அங்கிருந்து டவுனுக்குக் காலையில் ஒரே வண்டி. கால அட்டவணைப்படி அது ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர வேண்டும். அட்டவணை எழுதியவர் அந்த மலைப்பாதையைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். வளைவுக்கு வளைவு நின்று, என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றி, கடுக்காய் மூட்டையும் மரவள்ளி மூட்டையும் ஏற்றி இறக்கி, வண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும். அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகக் கல்லூரி. முதல் வகுப்பு ஒன்பதரைக்கு. அதற்கு இல்லையென்றால் அரைநாள் வருகை போய்விடும்.

இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் காரணத்தை ஒரு சீட்டில் எழுதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அலுவலகம் அதைத் துறைக்கு அனுப்பும். துறையில் 'வரவில்லை' என்பதைத் 'தாமதம்' என்று திருத்துவார்கள். கண்டக்டர் கொளஞ்சியப்பன் நல்ல மனிதர். டவுன் வந்ததும் ஒன்பது பேரையும் படிக்கட்டிலேயே நிறுத்தி, நோட்டிலிருந்து கிழித்த ஒன்பது சீட்டிலும் தேதியையும் வண்டி வந்த நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் இறக்கிவிடுவார்.

"எவனாவது கேட்டா என் பேரச் சொல்லுங்க. நான் வந்து சொல்றேன்" என்பார்.

எவனும் கேட்கவில்லை. ஏனென்றால் அலுவலகம் பத்தரைக்குத்தான் திறக்கும். வாசலில் உதவியாளர் பாவாடை நிற்பார். இடுப்பில் சாவிக்கொத்து. எல்லா அறைக்கும் அவரிடம் சாவி உண்டு, எதையும் திறக்கத்தான் உத்தரவு இல்லை. கதவோரம் ஆணியில் ஒரு மரப்பெட்டி தொங்கியது. 'மாணவர் குறைதீர்ப்புப் பெட்டி' என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

"அந்தப் பொட்டில போட்டுட்டுப் போம்மா. எல்லாரும் அதுலதான் போட்டுக்கினு போறாங்க" என்று முதல் நாளே பாவாடை சொல்லிவிட்டார்.

போட்டாள். தினமும் போட்டாள். மற்ற எட்டுப் பேரும் போட்டார்கள். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் சீட்டு உள்ளே இறங்க மறுத்தது. பேனா மூடியால் குத்தித் தள்ளினாள். பெட்டி நிரம்பியிருக்கிறதே, அப்படியானால் யார் எடுக்கிறார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அரசாங்கத்துப் பெட்டி அல்லவா, அதை அரசாங்கம் திறக்கும் என்று நம்புகிற ஜனம்.

அவள் அக்கா பெரியம்மாள் ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "சீட்ட யாரு கையிலயாவது குடு. பொட்டிய நம்பாத." அதை இருசம்மாள் காதில் வாங்கவில்லை. காரணம் இருந்தது.

பெரியம்மாளும் இதே கல்லூரியில், இதே வண்டியில் வந்து படித்தவள். அந்த மலைக் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். இரண்டாம் செமஸ்டரிலேயே வருகை போதவில்லை என்று பேரை அடித்துவிட்டார்கள். விசாரிக்கப் போன அப்பா இருசப்பனிடம் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்: "உங்க பொண்ணு காலைல கிளாசுக்கே வர்றதில்ல. பஸ் ஸ்டாண்டுல எவங்கூடச் சுத்திக்கினு இருக்குதோ, போய் விசாரிங்க." இருசப்பன் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டை அடிக்கிற தடியை எடுத்தார். "நான் டெய்லி சீட்டு போட்டேன்ப்பா" என்று அவள் கத்தினாள். அப்போது பதினைந்து வயது இருசம்மாள் வாசலில் நின்று, "ஏன்க்கா பொய் சொல்ற, ஒத்துக்கயேன்" என்றாள். அடி நிற்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு, தங்கையிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தவிர, பெரியம்மாள் கல்லூரியைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. நான்கு வருடமாக மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலிக்குப் போகிறாள்.

அக்கா சீட்டே போடவில்லை என்றுதான் இருசம்மாள் நம்பியிருந்தாள். ஆகவே அக்காவைப்போல் ஆகிவிடக் கூடாது என்றுதான் இருசம்மாள் ஒருநாள் விடாமல் பெட்டியில் போட்டாள். முதல் மூன்று செமஸ்டரும் ஒரு தொல்லையும் வரவில்லை. சீட்டு வேலை செய்கிறது என்று நினைத்தாள். உண்மையில் அது வகுப்பாசிரியை லூசி மேடத்தின் புண்ணியம். அவர் வடக்கனந்தல்காரர், அந்த வண்டியின் லட்சணம் தெரிந்தவர். ஒன்பது பேரும் அவர் வகுப்புதான், எல்லோருக்கும் தானே பதிவேட்டில் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்தார். நான்காவது செமஸ்டர் தொடக்கத்தில் அவர் மாற்றலாகிப் போனபின் திருத்த ஆள் இல்லை.

ஏப்ரலில் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். வருகைக் குறைவால் தேர்வெழுத அனுமதி இல்லாதவர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் மலை வண்டியில் வருகிறவர்கள். தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. இருசம்மாள் தன் பேரை மூன்று முறை படித்தாள். ஹால் டிக்கெட் இல்லையென்றால் அவளுக்கும் கிழங்குக்காடுதான். அது அவளுக்குத் தெரியும். அப்பா தடியை எடுப்பாரா மாட்டாரா என்பதுதான் தெரியாது.

அலுவலகக் கண்காணிப்பாளர் ராமசாமி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சீட்டா? எந்தச் சீட்டு? எங்களுக்கு ஒண்ணும் வரலியே."

"டெய்லி போட்டேன் சார். வெளிய இருக்குதே, அந்தப் பொட்டில."

"அது குறைதீர்ப்புப் பெட்டிம்மா. லேட் ஸ்லிப்புக்குத் தனியா தகரப் பெட்டி இருந்துச்சு. வெள்ளையடிக்கறப்பக் கழட்டுனது, திரும்ப மாட்டல. அஞ்சு வருஷம் ஆவுது."

"பாவாடை அண்ணன்தான் சார் அதுல போடச் சொன்னாரு."

பாவாடை மேலே ஃபேனைப் பார்த்தார். "வாசல்ல பொட்டின்னு ஒண்ணுதான சார் இருக்குது. அதுலதான் போடுவாங்க" என்றார்.

"சரிங்க சார், அதத் தொறந்து பாருங்க. எல்லாம் உள்ளதான் இருக்கும்."

"சாவி இல்ல. ரெண்டு முதல்வருக்கு முந்தி இருந்தவரு எடுத்துக்கினு போயிட்டாரு."

"அப்ப எங்க குறைய எப்பிடிங்க சார் பாப்பீங்க?"

ராமசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "குறையே கெடையாதும்மா இங்க. வருஷா வருஷம் மேல எழுதி அனுப்பறோம். மாணவர்களிடமிருந்து குறை ஏதும் பெறப்படவில்லை. வேணும்னா காப்பி காட்டட்டுமா?"

இருசம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பூட்டிய கழிவறை, பூட்டிய ஓய்வறை, பூட்டிய பெட்டி. இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு குறையே இல்லை என்று எழுத ஒரு கை வருகிறதே, அந்தக் கையை என்ன செய்வது? வெளியே வந்தாள். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். ஆணி சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக முதல்வர் அறைக்குள் போய் மேசைமேல் வைத்தாள். பின்னாலேயே ராமசாமியும் பாவாடையும் ஓடிவந்தார்கள்.

"அரசாங்கச் சொத்தும்மா அது. ஒடச்சா கேஸாயிடும்" என்றார் ராமசாமி.

"நான் ஒடைக்கலிங்க. நீங்க ஒடைங்க. நீங்க ஒடச்சா கேஸு வராதில்ல" என்றாள் இருசம்மாள். முதல்வரைப் பார்த்துச் சொன்னாள். "ஐயா, நான் விடிகாலைல கெளம்பி வந்துகினு இருக்கறேன். தண்ணி குடிக்காம வந்துகினு இருக்கறேன். ஒருநாள்கூட லீவு போட்டதில்ல. அதுக்கு சாட்சி எல்லாம் இதுக்குள்ள இருக்குது."

முதல்வர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பெட்டியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பாவாடையிடம் தலையசைத்தார். பாவாடை ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்து கீலைப் பெயர்த்தார்.

மூடி விலகியதும் சீட்டுகள் மேசையெல்லாம் பரவித் தரையிலும் விழுந்தன. எல்லாவற்றிலும் கொளஞ்சியப்பனின் சாய்ந்த கையெழுத்து. 9.52. 9.55. 9.49. முதல்வர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். நடுவே நிஜமான குறைகளும் மூன்று கிடந்தன. மூன்றும் பெண்கள் கழிவறையைத் திறக்கச் சொல்லி. ராமசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடியில் இருந்த சீட்டுகள் பழுப்பேறி ஓரம் அரித்திருந்தன. பாவாடை அவற்றைக் குப்பை என்று ஒதுக்கப் போனார். இருசம்மாள் ஒன்றை எடுத்தாள். 'இ. பெரியம்மாள், முதலாம் ஆண்டு. மலை வண்டி தாமதம்.' அடியில் தேதி, 9.54, கொளஞ்சியப்பன். அடுத்ததும் அதே பேர். அதற்கடுத்ததும். மொத்தம் நாற்பத்தொன்று இருந்தது. பூச்சி தின்றது எத்தனையோ.

அவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

"சரிம்மா, ஒம்பது பேருக்கும் ஹால் டிக்கெட் குடுக்கச் சொல்லிடறேன். நிம்மதியாப் போய்ப் படி" என்றார் முதல்வர்.

"எங்க அக்காவுக்கு?" என்று பழுப்பேறிய சீட்டு ஒன்றை நீட்டினாள்.

அவர் சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பழைய விஷயம்மா. இப்ப அவங்க பேரே பதிவுல இருக்காது."

"பேரு வேணாங்க. அவ பொய் சொல்லல, டெய்லி வந்தான்னு ஒரு வரி எழுதி சீல் போட்டுக் குடுங்க."

"அப்படி எழுதிக் குடுக்க வழி கெடையாதும்மா."

பஸ் ஸ்டாண்டுல சுத்துறான்னு சொல்ல மட்டும் வழி இருந்துச்சா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டது அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நாற்பத்தொரு சீட்டையும் பொறுக்கித் தாவணி முந்தியில் முடிந்துகொண்டு மாலை வண்டி பிடித்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் இருந்தது. பெரியம்மாள் வேலை முடித்து வந்து குடத்தருகில் கையில் ஒட்டிய செம்மண்ணைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இருசப்பன் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இருசம்மாள் அக்காவின் முன் குந்தி முடிச்சை அவிழ்த்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"நீ போட்டதெல்லாம் உள்ளயே இருந்துச்சுக்கா."

பெரியம்மாள் ஒரு சீட்டை ஈரக்கையால் எடுத்துப் பார்த்தாள். அழுவாள் என்று இருசம்மாள் எதிர்பார்த்தாள். அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது நான்கு வருடத்துக் கோபம்.

"உள்ள இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தான போட்டேன்" என்றாள். "உனக்குத்தான் நம்பறதுக்குப் பொட்டி ஒடஞ்சு வர வேண்டியிருக்குது."

இருசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏந்துரு. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அவரு முன்னால உக்காந்து படி. ஒவ்வொண்ணா, தேதி சொல்லிப் படி."

இருசம்மாள் போய் அப்பாவின் எதிரே உட்கார்ந்து படித்தாள். தேதி, நேரம், கண்டக்டர் பேர். மறுபடி தேதி, நேரம், கண்டக்டர் பேர். முதல் சீட்டுகளின்போது இருசப்பன் என்ன ஏது என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பன்னிரண்டாவது சீட்டில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டைப் பார்க்கப் போகிறவர்போல எழுந்தார்.

பெரியம்மாள் குடத்தருகிலிருந்து நகரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"உக்காருப்பா. இன்னும் இருக்குது."