போகித் தீயில் போட்ட கோடாலி

ஒரு பெரிய புயலில் எங்கள் கொல்லைப்புற மாமரம் வேரோடு சாய்ந்தது. வங்காளத்தில் இந்த டாக்குரியாப் பேட்டையில் கீழ்ப்போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து நின்ற மரம். தெருப் பக்கம் விழுந்த கிளைகளை மாநகராட்சி ஆட்கள் வந்து அறுத்து எடுத்துப் போனார்கள். அடிமரம் மட்டும் கொல்லையிலேயே கிடந்தது. மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். துறைமுக ஆபீசிலிருந்து ரிடையர் ஆகி என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த என் கணவருக்கு அது போதுமாக இருந்தது.

"நாமே அறுத்துக்கலாம். பாய்லருக்கு நாலு வருஷத்துக்கு விறகு" என்றார்.

குளியலறையில் கெய்சர் இருக்கிறது. ஆனாலும் அவருக்கு அந்தச் செம்பு பாய்லரில் போட்ட வெந்நீர்தான் உடம்பில் ஒட்டும். "ரிடையர் ஆனவங்க எல்லாம் லேக்ல வாக்கிங் போறாங்க, நீங்க விறகு வெட்டப் போறீங்களா" என்று கேட்டேன். காதிலேயே வாங்கவில்லை. நாலாம் நாள் பாட்டரியில் ஓடும் செயின்சா ஒன்று ஆன்லைனில் வந்து இறங்கியது. குரங்குக் குல்லாவும் பிளாஸ்டிக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அவர் கொல்லையில் இறங்கிய கோலத்தைப் பார்த்து மாடி போவுதி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. போவுதி என்றால் இங்கே அண்ணி. வீட்டுச் சொந்தக்காரரின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

சிரித்தாலும் வேலை சுத்தம். பாய்லரின் வாய்க்குச் சரியாக நுழைகிற அளவில் ஒவ்வொரு துண்டும் இருக்கும். அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். கொல்லைச் சுவரை ஒட்டி விறகு அடுக்கு இடுப்பு உயரத்துக்கு ஏறியது. இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று. நான் ஒரு நாளும் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்ததில்லை. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மூன்றாவது குளிர்காலத்தில்தான் அவருடைய வலது கையைக் கவனித்தேன். டீவி பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் வைத்திருந்த கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருந்தன. நான் பார்ப்பது தெரிந்ததும் கையை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட போகலாங்க" என்றேன். "வயசானா ஆடும்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. டாக்டர் ஒரு பேர் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது.

அடுத்த வாரம் செயின்சா துள்ளி அவர் செருப்பின் நுனியைச் சீவிவிட்டது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று நான் கத்தியது மாடி வரை கேட்டிருக்கும். "செயின் மழுங்கிப் போச்சு. அரம் போடாம விட்டது என் தப்பு" என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. கைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். பேட்டைக்குக் கிளை வெட்ட வருகிற ஆளைக் கூப்பிட்டு அந்த மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அவர் சண்டை போடவில்லை. காளிகாட்டில் அரிவாள், கத்தி விற்கிற சந்துக்குப் போய் ஒரு கோடாலியும் ஒரு கைரம்பமும் வாங்கி வந்தார். காலையில் காபி குடித்ததும் கொல்லைக்குப் போனால் பத்து மணி வரை வரமாட்டார். முதலில் ரம்பத்தின் கரகரப்பு, பிறகு கோடாலிப் போடு. ஒவ்வொரு போடுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். டீவி முன்னால் ஆடுகிற அந்தக் கையில் கோடாலி இருப்பதை நினைத்துக்கொண்டே அடுப்படியில் நிற்பேன். எட்டிப் பார்க்க மட்டும் தைரியம் வராது.

போகி வந்தது. எங்களுக்குக் காஞ்சிபுரம் பக்கம். இந்த ஊரில் யாருக்கும் போகி தெரியாவிட்டாலும் நாங்கள் பழசைக் கொளுத்தாமல் இருந்ததில்லை. விடிந்ததும் பனிமூட்டத்தில் கொல்லையில் அவர் வெட்டிய விறகையே அடுக்கிப் பற்ற வைத்தேன். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், முறம் எல்லாம் போட்டேன். அவர் உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கோடாலியையும் ரம்பத்தையும் எடுத்து அதே தீயில் போட்டேன். தவறிப் போய்ப் போடவில்லை. தெரிந்தேதான் போட்டேன். போகித் தீயில் போனதை யாரும் திரும்பக் கேட்பதில்லை, அந்தத் தைரியம்.

அவர் வந்து பார்த்தபோது காம்பு பாதி கரிந்திருந்தது. கோடாலியின் இரும்பு சிவந்துகொண்டிருந்தது. கைகளைச் சால்வைக்குள் விட்டுக்கொண்டார்.

"நல்லா எரியுது" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் கொல்லைக்குப் போகவில்லை. கெய்சர் தண்ணீரிலேயே குளித்தார். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கை நாள் முழுக்க ஆடியது. நான் நிம்மதியாக இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

மழைக்காலத்தில் நடை தள்ளாட ஆரம்பித்தது. ஒரு நாள் வாசற்படியில் விழுந்த பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனோம். நான் பயந்த பேரையே டாக்டர் சொன்னார். இவருக்கு ஏற்கெனவே தெரியும்போல, தலையை ஆட்டினார். கை எப்போதாவது ஆடாமல் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இவர் என் பக்கம் திரும்பாமல் வங்காளியில் மெதுவாகச் சொன்னார். முன்பெல்லாம் விறகு வெட்டும்போது ஆடாதாம். கோடாலியை இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடுமாம். பத்து மணி வரை நல்ல கையாக இருக்குமாம்.

சும்மா இருக்கும்போது ஆடுகிற கை, வேலையில் இறங்கினால் அடங்குவது இந்த நோயில் உண்டு என்றார் டாக்டர். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு அவரைச் செய்ய விட்டிருக்கலாம் என்றும் சொன்னார். டாக்டர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் கோடாலியைத் தீயில் போட்ட விஷயமே தெரியாதே அவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ ரொம்ப பயந்து போயிருந்தே. நீயாவது நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அடுப்படியில் போய் அழுதேன். மறுநாள் காளிகாட்டில் அதே சந்துக்குப் போய், அதே அளவில் ஒரு கோடாலி கேட்டு வாங்கி வந்தேன். கைத்தாங்கலாக அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். மிச்சமிருந்த அடிமரத்தின் மேல் காளான் பூத்திருந்தது. வலது கையில் காம்பைக் கொடுத்தேன். விரல்கள் அதைச் சுற்றி இறுகின. என் கண் முன்னாலேயே அந்த ஆட்டம் நின்றது. கோடாலி பிடித்த அந்தக் கையை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

இடது கை என் தோளைப் பிடித்திருந்தது. அதையும் காம்புக்குக் கொண்டுபோக எடுத்தார். உடனே கால் மடங்கியது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தார். கோடாலிக்கு இரண்டு கை வேண்டும். நிற்க அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது.

"நான் பிடிச்சுக்கறேங்க. நீங்க போடுங்க" என்றேன்.

"வேண்டாம். நீ கிட்ட நிக்கறப்ப எப்படி வீசறது" என்று கோடாலியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.