நான் வாசிக்காமல் விட்ட நாலு வரி

அந்த நாலு வரியை நான் ஏன் சத்தமாக வாசிக்கவில்லை? இரண்டு வருடமாகிறது. இன்னும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. மண்ணூர்பேட்டையில் வாடகை வீடு. வாரம் முழுவதும் வந்த பேப்பர்களைச் சேர்த்து வைத்து, ஞாயிறு மத்தியானம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தெருப் பெண்களுக்குச் செய்தி வாசிப்பேன். எங்கள் தெருவில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். எதிர் வீட்டுக்காரிதான் முதலில் வந்து உட்காருவாள். அவள் புருஷனுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. அங்கே மூன்று வாரமாக ஸ்டிரைக். அவன் அறுவடைக் கூலிக்காகத் திருவள்ளூர்ப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான்.

“இன்னாக்கா, சட்டசபைல இந்த வாரம் யாரு யாரைத் திட்டினாங்கோ?” என்றாள் எதிர் வீட்டுக்காரி.

வாசித்தேன்.

“அத்த உடு. குஸ்தி இன்னா ஆச்சு? அந்தத் தாடிக்காரன் கீறானா, பூட்டானா?”

“மூணாவது ரவுண்டிலேயே மல்லாக்க விழுந்துட்டானாம்.”

“ஐயையோ! எங்க ஊட்டுக்காரு அவன் மேல உசிரையே வெச்சிகினு கீறாரு. தெரிஞ்சா சோறு துன்ன மாட்டாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்தைத் திருப்பினேன். வியாபாரச் செய்திகளுக்குக் கீழே பொடி எழுத்தில் அவள் புருஷனுடைய கம்பெனியின் அறிவிப்பு. மறுநாள் திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பாதவர்களின் பெயர் நீக்கப்படும் என்று நாலு வரி.

“இன்னாக்கா நிறுத்திட்ட?”

“ஒண்ணுமில்லம்மா. பருத்தி விலை, சணல் விலை” என்றேன்.

எல்லோர் எதிரிலும் வேண்டாம், தனியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, ஸ்டிரைக்கைக் கலைக்கப் பார்த்தவள் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயம். சங்கத்து விஷயத்தில் தலையிடாதே என்று என் கணவர் முன்பே சொல்லியிருந்தார். கூட வேலை செய்பவர்கள் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்களா என்றும் தோன்றியது. குழந்தை சிணுங்கியது. எழுந்து உள்ளே போய்விட்டேன். அன்று சாயங்காலமே பஸ் ஏறியிருந்தால் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பாள்.

அவன் வியாழக்கிழமைதான் வந்தான். கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எவ்வளவோ நடந்தும் அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது அம்பத்தூரில் மூட்டை தூக்குகிறான். அவள் சித்தாள் வேலைக்குப் போகிறாள்.

“பேப்பர்ல போட்டுகீறான்னு சொல்றாங்கோக்கா. உன் கண்ணுல கூட படலியே, நம்ம நேரம்” என்று ஒரு நாள் சொன்னாள். நான் தலையாட்டினேன். செய்யக் கூடாத தவறு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். முதல் தடவை பயந்தேன். இரண்டாம் தடவை தெரிந்தே மறைத்தேன்.

மாதக் கடைசியில் நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிபோகிறோம். சாமான் கட்ட வருகிறேன் என்று அவளாகவே சொல்லியிருக்கிறாள். சொன்னால் என் மனம் லேசாகும். அவளுக்கு அதனால் என்ன கிடைக்கும், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கிளறுவதைத் தவிர? சொல்லாமல் போனால் அவள் என்னை நல்லவளாகவே நினைத்துக்கொண்டிருப்பாள். அதுவும் எனக்குத் தாங்கவில்லை.

இதைப் படிக்கும் சகோதரிகளே, என் இடத்தில் அல்ல, அவள் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். நீங்களாக இருந்தால் இதைத் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? நாங்கள் வீடு காலி செய்வதற்குள் ஒரு வரி எழுதுங்கள்.