எண்ணெய் கண்ட பிரேக்

மாணிக்கம் இறந்த செய்தியை ஸ்டோர்ஸில் இருக்கும் பழனிசாமிதான் வந்து சொன்னார். சோதனைக்கூடத்தில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. "மேனேஜர் சார் போயிட்டாருங்க" என்று அவர் இரண்டாம் முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதர் எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையே என்ற கோபம்தான் வந்தது. செத்துப்போனவர் மீதும் கோபப்பட எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு நண்பர்களே, மாணிக்கத்தைப் பற்றி என்னை ஏன் எழுதச் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. அவரும் இருந்த குழுவைவிட்டு நான் விலகிய காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரை மேனேஜராக்கினார்கள், என்னை ஆக்கவில்லை. படிப்பிலும் அனுபவத்திலும் அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. இன்றும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன். உத்தரவு வந்த அன்றே அவர் என் மேசைக்கு வந்தார். "இது உங்களுக்கு வர வேண்டியதுங்க சார். ஆனா குடுத்ததை வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவன் இல்லீங்க" என்றார். ஏதாவது பொய் சொல்லியிருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு அந்த மலைச் சைக்கிள் வந்தது. அவருடைய மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. காரில் இருப்பதுபோலச் சக்கரத்தின் நடுவில் டிஸ்க் பிரேக். அப்போது கோயம்புத்தூரில் சைக்கிளில் அப்படியொன்றை நம்மில் யாரும் பார்த்ததில்லை. கம்பெனி வாட்ச்மேன்கூட அதைத் தொட்டுப் பார்த்தார். நான் போகவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு மாணிக்கம் சைக்கிளையும் லேத்துகளோடு வரிசையில் நிறுத்தினார். நம் பட்டறை வழக்கம்தான்: எந்த இயந்திரமானாலும் துடைத்து, எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட வேண்டும். அவரும் குறை வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு மருதமலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஓரத்து மண்மேட்டில் மோதி விழுந்தார். உங்களில் சிலர்தான் அவரைத் தூக்கினீர்கள். திங்கட்கிழமை முழங்காலில் கட்டுடன் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க சார், இதைக் கொஞ்சம் பாருங்க. எத்தனை அழுத்துனாலும் வழுக்கிட்டே போகுது."

"டிஸ்க்குல எண்ணெய் போட்டது யாரு?"

"நான்தானுங்க. பூஜைக்குன்னு நல்லாத் தேச்சு உட்டேன்."

"உங்களை மேனேஜராக்குனவங்க இதை வந்து பாக்கணும்."

"கூட்டிட்டு வரட்டுங்களா? சந்தனம் வெச்சதே அவங்கதானுங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் வண்டியை வாங்கிக்கொண்டேன். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைத்தேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளை உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய் உள்ளே ஊறிப்போயிருந்தது. மாற்றுப் பேடு இங்கே கிடைக்காது. கார்களுக்குப் பிரேக் லைனிங் ஒட்டும் சிங்காநல்லூர்ப் பட்டறைக்கு இருவரும் போனோம். "சைக்கிளுக்கு லைனிங்குங்களா? ரேடியேட்டரும் சேத்து மாட்டிறட்டுங்களா?" என்றார் பட்டறைக்காரர். "மாட்டுங்க, எனக்கு வேர்க்காம இருக்குமில்ல" என்றார் மாணிக்கம்.

பேடுகளில் அவர் ஒட்டித் தந்த புது லைனிங் கொஞ்சம் தடிப்பு. பிரேக்கை விட்ட பிறகும் பேடுகள் டிஸ்க்கை உரசின. சக்கரம் அரைச் சுற்றிலேயே நின்றது. கம்பெனிக் கொட்டகையில் அவர் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, நான் லைனிங்கைத் தேய்த்து மெலிதாக்கி, பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, டிஸ்க் நடுவில் ஓடும்படி நகர்த்தி முடுக்கினேன்.

"உடுங்க சார், கை வலிக்குது. கொஞ்சம் உரசுனா உரசிட்டுப் போகட்டும்."

"மேடு ஏறும்போது தெரியும்."

"மேட்டுக்கு நீங்க பின்னாடி வந்து தள்ளுங்க. நான் மேனேஜரில்லீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது. ஒரு சிரிப்பு; அதைக்கூட அவருக்குத் தரவில்லை. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியதும் கொட்டகையை ஒரு வட்டம் அடித்து வந்து, "ஞாயித்துக்கிழமை வாங்க சார். அவிநாசி வரைக்கும் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்லாம்" என்றார். வேலை இருக்கிறது என்றேன். அதன்பின் சனிக்கிழமை தவறாமல் கேட்டார். எனக்கும் சனிக்கிழமை தவறாமல் வேலை இருந்தது. அவர் கேட்பதை நிறுத்தியது ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான். அங்கிருந்து கூப்பிட்டால் போய்ப் பார்க்கலாம் என்று நான் காத்திருந்தேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி சரஸ்வதி வாசலிலேயே சொன்னார்: "வண்டி உங்களுக்குன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க போனாரு. வேற யாரு கிட்டக் குடுத்தாலும் எண்ணெய் போட்டுருவாங்கன்னாரு." மறுத்தேன். அவர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

போன ஞாயிறு தனியாக அவிநாசி போனேன். கோயில் பக்கத்து டீக்கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். "இது மாணிக்கம் சார் வண்டியாச்சுங்களே. அப்ப பிரேக் சரிபண்ணிக் குடுத்த சிநேகிதரு நீங்கதானுங்களா? வர்றப்பெல்லாம் சொல்லுவாருங்க, அடுத்த வாரம் கூட்டிட்டு வாரேன்னு."

'ஆமாம்' என்று சொன்னேன். மாணிக்கத்திடமிருந்து வந்த சிநேகிதன் என்ற அந்தப் பேரை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் எனக்குத் தந்தது அது. அவர் காதில் விழும்படி அதற்கு நான் ஒரு நாளும் ஆமாம் சொன்னதில்லை.